அரசு அலுவலகங்களில் பெஞ்ச்மார்க்கிங்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் நடக்கும் குடியிருப்போர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. மாநகராட்சியிலும் குடிநீர் வாரியத்திலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

பெஞ்ச்மார்க்கிங் என்றால் என்ன?

நாம் செய்கிற ஒரு வேலையை அளப்பது, அதே வேலையை நம்மைவிட நன்றாகச் செய்கிற இடத்தோடு ஒப்பிடுவது, அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்த்து நம் வேலையை மாற்றுவது. மூன்றும் சேர்ந்தால்தான் பெஞ்ச்மார்க்கிங். நம் ஊரில் முதல் இரண்டு நடக்கும், மூன்றாவது நடப்பது அபூர்வம். பட்டியல் வரும், முதலிடம் யாருக்கு என்று பேப்பரில் வரும், அப்புறம் அடுத்த வருஷப் பட்டியலுக்குக் காத்திருப்போம். மூன்றாவது படி இல்லாவிட்டால் முதல் இரண்டுக்கும் செலவழித்த நேரம் வீண் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு உதாரணத்துக்கு, கழிவுநீர் அடைப்புப் புகாரைச் சரிசெய்ய குடிநீர் வாரியத்தின் ஒரு டிப்போவில் (பகுதி அலுவலகத்தில்) இரண்டு நாள் ஆகிறது, பக்கத்து டிப்போவில் அரை நாளில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து எழுதி வைத்தால் ஒரு ஏ.இ.க்கு (உதவிப் பொறியாளருக்கு) திட்டு விழும், அவ்வளவுதான். போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அங்கே ஜெட்ராடிங் வண்டி (தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை எடுக்கிற வண்டி) காலையிலேயே டிப்போவில் நிற்கிறதா, இங்கே பல டிப்போவுக்கும் சேர்த்து ஒரே வண்டியா? எந்தத் தெருவில் எந்த மேன்ஹோல் அடிக்கடி அடைக்கும் என்று தெரிந்த மூத்த பணியாளர் அங்கே இருக்கிறாரா, இங்கே அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டாரா? ரோடு போட்டபோது மேன்ஹோல் மூடியைத் தாருக்கு அடியில் புதைத்துவிட்டார்களா? இரண்டு நாள் ஏன் அரை நாளாகவில்லை என்பது இப்படிக் கேட்டால்தான் தெரியவரும்.

இது தனியார் கம்பெனிச் சமாச்சாரம்தானே, அரசுக்கு எதற்கு?

தொடங்கியது அங்கேதான். 1979இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனம், ஜப்பான் கம்பெனிகள் எப்படி அவ்வளவு மலிவாக நகல் இயந்திரம் விற்கின்றன என்று புரியாமல், தன் ஜப்பானியக் கூட்டு நிறுவனமான ஃபுஜி ஜெராக்ஸையும் போட்டியாளர்களின் இயந்திரங்களையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தது. சில வருஷம் கழித்து எல்.எல். பீன் என்ற துணிமணி நிறுவனத்தின் கிடங்குக்குப் போய், சரக்கை எடுத்துக் கட்டி அனுப்பும் முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. நகல் இயந்திரத்துக்கும் துணிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் கிடங்கு வேலை ஒன்றுதானே.

அரசுக்கு இது தனியாரைவிட அதிகமாகவே தேவை. காசிமேட்டில் டீக்கடை சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வந்தால் வேறு குடிநீர் வாரியத்தைத் தேடிப் போக முடியாது. வாடிக்கையாளர் விலகிப் போவார் என்ற பயம் இல்லாத இடத்தில், "அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை?" என்ற கேள்வி ஒன்றுதான் அலுவலகத்தை அசைக்கும். அரசு அலுவலகங்களுக்குள் தொழில் ரகசியம் கிடையாது என்பது இன்னொரு வசதி. கோயம்புத்தூர் மாநகராட்சி தன் முறையைச் சென்னையிடம் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆஸ்திரேலியாவில் மாநிலங்களின் பள்ளி, மருத்துவமனை, காவல் துறைச் செயல்பாட்டை ஒப்பிட்டு 1995 முதல் அறிக்கை வெளியிடுகிறார்கள். இங்கிலாந்தில் 1999இல் வந்த சட்டத்தையொட்டி உள்ளாட்சிகளுக்கு நான்கு கடமைகள் வந்தன: இந்த வேலை தேவையா என்று கேள்வி கேள், மற்றவரோடு ஒப்பிடு, மக்களைக் கலந்து பேசு, போட்டியைச் சந்தி. நம் ஊரில் மூன்றாவதைத்தான் எளிதாக மறந்துவிடுகிறோம்.

இந்தியாவில் இதற்கென்று அளவுகோல் இருக்கிறதா?

இருக்கிறது. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008இல் குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் ஆகிய நான்குக்கும் சேர்த்து 28 குறியீடுகளைக் கொண்ட சேவைத் தர அளவுகளை வெளியிட்டது. குடிநீரில் தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், 24 மணி நேர விநியோகம், வருமானம் தராமல் கசிந்தும் களவாகவும் போகிற தண்ணீர் 20 சதவீதத்துக்குள், புகார்களில் 80 சதவீதம் 24 மணி நேரத்துக்குள் தீர வேண்டும் என்றெல்லாம் இலக்கு இருக்கிறது. 13ஆவது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்கான செயல்திறன் மானியத்துக்கு வைத்த நிபந்தனைகளில் இந்தத் தர அளவுகளை அறிவிப்பதும் ஒன்று. 15ஆவது நிதிக்குழுவும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களின் மானியத்தில் ஒரு பங்கை இதோடு கட்டிப்போட்டது. காசு சம்பந்தப்பட்டிருப்பதால் எல்லா நகரமும் எண்ணைக் கொடுத்துவிடும். எப்படிப்பட்ட எண் என்பதுதான் அடுத்த கேள்வி.

135 லிட்டர் என்கிறார்கள். எங்கள் தெருவில் பத்துக் குடம் பிடிப்பதே பெரும்பாடு. எண் பொய்யா?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அளக்கிற இடம் வேறு. அந்த 135 லிட்டர், சுத்திகரித்து விநியோகக் குழாய்க்குள் விடுகிற மொத்தத் தண்ணீரை மக்கள்தொகையால் வகுத்து வருவது. உங்கள் வீட்டு அடிபம்பில் அளந்தது இல்லை. குழாய்க்குள் போன தண்ணீரில் எவ்வளவு வழியில் கசிந்தது, எந்தத் தெருவில் அழுத்தம் இருந்தது, எந்த வீடு மோட்டார் வைத்து உறிஞ்சியது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் மறைந்துபோகும்.

இதில் வடசென்னைக்குத் தனியாக ஒரு அநியாயம் நடக்கிறது. நகரம் முழுவதற்கும் ஒரே சராசரி போட்டால் ஆழமான சம்ப்பும் மோட்டாரும் உள்ள அடுக்குமாடியும், தெருவோரப் பம்பை அடித்துக் குடம் நிரப்புகிற வீடும் ஒரே கணக்கில் விழும். சராசரி உயர்ந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை 2010இல் வந்தது. வடசென்னைக்கு அது பெரிய பலம், மறுக்கவில்லை. ஆனால் ஆலையின் கொள்ளளவு வேறு, பழைய குழாயின் கடைசி வீட்டுக்கு வந்து சேர்கிற தண்ணீர் வேறு.

அதனால் நகரத்துக்கு நகரம் ஒப்பிடுவதற்கு முன்னால் நகரத்துக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். மண்டலத்துக்கு மண்டலம், டிப்போவுக்கு டிப்போ, முடிந்தால் குழாயின் முதல் தெருவுக்கும் கடைசித் தெருவுக்கும்.

அடையாறோடும் அண்ணா நகரோடும் எங்கள் மண்டலத்தை ஒப்பிடுவது நியாயமா?

கூட்டங்களில் அதிக வாக்குவாதம் கிளப்புகிற கேள்வி இது. அதிகாரிகள் "இரண்டும் ஒன்றில்லை, ஒப்பிடக் கூடாது" என்பார்கள். மக்கள் "வரி ஒன்றுதானே, ஏன் ஒப்பிடக் கூடாது?" என்பார்கள். எதை ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு பேர் சொல்வதும் சரி.

மக்களுக்குக் கிடைக்கிற சேவையை நகரத்தின் மிகச் சிறந்த இடத்தோடுதான் ஒப்பிட வேண்டும். தண்ணீரின் தரம், குப்பை எடுக்கிற நேரம், தெருவிளக்கு எரிகிறதா என்பதில் வியாசர்பாடிக்கு ஒரு அளவு, பெசன்ட் நகருக்கு ஒரு அளவு என்று இருக்கவே கூடாது. "இந்த ஏரியாவுக்கு இது போதும்" என்ற நினைப்பு அளவுகோலுக்குள் நுழைந்துவிட்டால் அதை வெளியேற்றுவது கடினம்.

வேலை செய்கிறவர்களின் திறமையை அளக்கும்போது மட்டும், நிலைமை ஒத்த இடத்தோடு ஒப்பிட வேண்டும். 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது திருவொற்றியூர், மணலி, மாதவரம் உள்ளே வந்தன. அதே நேரத்தில்தான் அம்பத்தூர், வளசரவாக்கம், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகளும் சேர்ந்தன. தனி உள்ளாட்சிகளாக இருந்து, அடிப்படை வசதி குறைவாகவே நகரத்துக்குள் வந்த இவை ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை. ராயபுரத்தையும் தண்டையார்பேட்டையையும் பழைய குழாய், குறுகலான சந்து, நெருக்கமான வீடு உள்ள மற்றப் பழைய பகுதிகளோடு வைத்துப் பார்க்கலாம். சேவையில் இடைவெளி இருந்தும் ஊழியர் திறமை ஒத்த இடங்களுக்குச் சமமாக இருந்தால், குறை ஊழியரிடம் இல்லை. பணமும் ஆளும் குழாயும் அந்தப் பகுதிக்குப் போதுமான அளவு வரவில்லை என்று அர்த்தம். எங்கே முதலீடு செய்ய வேண்டும் என்று எண்ணே காட்டிக்கொடுக்கிறது.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதை எப்படி அளக்கிறார்கள்?

ஆறு அங்குலத்துக்கு மேல், நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது தேக்கம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். புளியந்தோப்பு, பட்டாளம், கணேசபுரம் சுரங்கப்பாதைக்காரர்களுக்கு இந்த விளக்கமே போதாது. ஒரு சம்பவம் என்று எழுதினால் நான்கரை மணி நேரம் நின்றதும் ஒன்று, மூன்று நாள் நின்றதும் ஒன்று. எத்தனை மணி நேரம், எத்தனை வீட்டுக்குள் புகுந்தது, கழிவுநீர் கலந்ததா என்றும் சேர்த்து எழுதினால்தான் ஒப்பீடு உபயோகப்படும். இங்கே வடிகால் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை நம்பியிருக்கிறது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழை பெய்தால் தண்ணீர் போக இடமில்லை. ஆகவே மழை அளவோடு அலை நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் மேட்டுப் பகுதி மண்டலம் ஒன்றும் செய்யாமலே முதலிடம் வாங்கிவிடும்.

எங்கள் மண்டலத்தில் புகார் குறைவு. நல்ல செய்திதானே?

அவசரப்பட வேண்டாம். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குப் போன் செய்தால் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் புகார் அதிகமாக வரும். தினக்கூலிக்குப் போகிறவர் லைனில் காத்திருக்க மாட்டார், கவுன்சிலரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. புகார் எண்ணிக்கையை வைத்து மண்டலத்துக்கு மதிப்பெண் போடுவது தவறு. புகார் தந்தவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துத் திரும்பக் கூப்பிட்டு "உண்மையிலேயே சரியானதா?" என்று கேட்டு, அந்த விடையை ஒப்பிடலாம். "தீர்க்கப்பட்டது" என்று கம்ப்யூட்டரில் மூடிய புகாரும் தெருவில் தீர்ந்த புகாரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

எண்ணைக் காட்டுவதற்காகவே வேலை நடக்க ஆரம்பித்தால்?

நடக்கும். ஒரு அளவை இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருக்காது என்ற கருத்து, பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் சொன்னதிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் வந்த நோயாளியை நான்கு மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, கடிகாரம் ஓடத் தொடங்காமலிருக்க நோயாளிகளை ஆம்புலன்ஸிலேயே வெளியே காக்கவைத்ததாகப் புகார்கள் எழுந்தன.

இதைத் தடுக்க நம் சேவைத் தர அளவுகளிலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஏ முதல் டி வரை நம்பகத்தன்மைத் தரம் போட வேண்டும். மீட்டர் வைத்து அளந்து பதிவேட்டில் எழுதியது ஏ. உத்தேசமாகச் சொன்னது டி. இந்தத் தரத்தைக் கேட்காமல் எந்தப் பட்டியலையும் நம்ப வேண்டாம். டி தரத்தில் இருக்கிற 95 சதவீதத்தைவிட ஏ தரத்தில் இருக்கிற 60 சதவீதம் எவ்வளவோ மேல், அதை வைத்து வேலை தொடங்க முடியும்.

சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தையும் ஒப்பிட்டுப் பேசுகிறார்களே?

பேசும்போது வரலாற்றைச் சேர்த்துப் பேச வேண்டும். ராயபுரம் மக்கள் நிலக்கரித் தூசியோடு வாழ்ந்த காலம் ஒன்று உண்டு. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்று, அந்த வகைச் சரக்கு எண்ணூர்ப் பக்கம் போனது. டன் கணக்கை மட்டும் பார்த்தால் ஒன்று தேய்ந்தது, ஒன்று வளர்ந்தது என்று தோன்றும். சுவாசிக்கிற காற்று எந்தக் கணக்கிலும் வராது.

துறைமுகங்களின் முக்கியமான அளவு, கப்பல் வந்து சரக்கு இறக்கி ஏற்றித் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. கப்பல் காத்திருந்தால் காசு என்பதால் அதை நுணுக்கமாக அளக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசைகட்டி நிற்கிற கன்டெய்னர் லாரி டிரைவரின் நேரத்துக்கும், அந்த வரிசைக்கு நடுவே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் நேரத்துக்கும் அதே கவனம் வேண்டும். யாருடைய நேரத்தை அளப்பது என்று முடிவு செய்கிற இடத்திலேயே பாதி நியாயம் தீர்மானமாகிவிடுகிறது.

பஸ் டிப்போக்களை ஒப்பிடலாமா?

தாராளமாக. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை வண்டி ரோட்டில் ஓடியது, எத்தனை பிரேக்டவுன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வெகுகாலமாகவே ஒப்பிடுகின்றன. டீசல் சிக்கனத்தில் தமிழகக் கழகங்களுக்கு நல்ல பெயரும் உண்டு. ஆனால் தண்டையார்பேட்டை டிப்போ வண்டி லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போவதையும், மாதவரம் வண்டி புறவழிச்சாலைப் பக்கம் ஓடுவதையும் ஒரே லிட்டர் கணக்கில் வைக்கக் கூடாது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதன் பிறகு கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்ற பழைய அளவை வைத்து ரூட்டை மதிப்பிட்டால், பெண்கள் அதிகம் ஏறுகிற ரூட்தான் நஷ்ட ரூட் என்று தெரியும். எண்ணூரிலிருந்து வீட்டு வேலைக்கும் மீன் வியாபாரத்துக்கும் போகிற பெண்களின் பஸ்ஸை அந்தக் கணக்கால் குறைத்துவிடக் கூடாது. எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு நேரம் நிறுத்தத்தில் நின்றார்கள் என்பதே இப்போது பொருத்தமான அளவு.

ஆஸ்பத்திரிகளில்?

ஸ்டான்லியைப் போன்ற பெரிய மருத்துவமனைக்கு மற்ற இடங்களில் கைவிட்ட நோயாளிகளும் வருகிறார்கள். இறப்பு விகிதத்தை அப்படியே ஒப்பிட்டால் கடினமான கேஸை ஏற்றுக்கொண்டவருக்குத் தண்டனை கொடுத்ததாகும். பிரசவ அறைத் தரத்துக்காக 2017இல் வந்த லக்ஷ்யா, தூய்மைக்காக 2015இல் வந்த காயகல்ப் ஆகிய திட்டங்கள் செய்முறையைப் பார்க்கின்றன, அது நல்ல வழி. காயகல்ப்பில் ஒரு மருத்துவமனைக் குழு இன்னொரு மருத்துவமனைக்குப் போய் மதிப்பிடுகிற கட்டம் இருக்கிறது. மதிப்பிடப் போன நர்ஸ் அங்கே பார்த்ததைத் தன் வார்டிலும் செய்து பார்க்க முடியும். முதல் கேள்வியில் சொன்ன மூன்றாவது படிக்கு இதுதான் வழி.

மணலி ஆலைகளுக்கும் இது உண்டா?

உண்டு. 2012இல் தொடங்கிய மத்திய அரசின் ஆற்றல் சிக்கனத் திட்டத்தில் உரமும் அனல் மின்சாரமும் முதலிலேயே இருந்தன, எண்ணெய்ச் சுத்திகரிப்பு அடுத்த சுற்றில் சேர்ந்தது. ஒவ்வொரு ஆலைக்கும் அதன் பழைய அளவை அடிப்படையாக வைத்து இலக்கு கொடுத்தது நியாயமான முறை, பழைய ஆலையும் முன்னேற இடம் கிடைக்கிறது. ஆனால் டன்னுக்கு எவ்வளவு எரிபொருள் என்பது ஆலைக்கான அளவு. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியை மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. சுற்றி வாழ்கிறவர்களுக்கான அளவு அது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் வேலையைத் தனியாருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தொழிலாளர்கள் பயப்படுகிறார்களே?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் போராடினார்கள். ஒரு டன் குப்பைக்கு எவ்வளவு செலவு என்று மட்டும் ஒப்பிட்டால், சம்பளம் குறைவாகக் கொடுக்கிற இடம்தான் எப்போதும் ஜெயிக்கும். அங்கே அளக்கப்படுவது கூலிக் குறைப்பு, அதைத் திறமை என்று எழுதக் கூடாது. கூலி, பி.எஃப்., கையுறை, வண்டிப் பழுது, விடுமுறை எல்லாவற்றையும் சமமாக்கிய பிறகு வேலை முறையை ஒப்பிடட்டும், தொழிலாளர்களே முன்வந்து பேசுவார்கள். தெருவின் எந்த மூலையில் எத்தனை மணிக்குக் குப்பை சேரும் என்பது பேட்டரி வண்டி ஓட்டுகிற அம்மாவுக்குத் தெரிகிற அளவு எந்த ஆலோசகருக்கும் தெரியாது. அவரைக் குழுவில் சேர்க்காத பெஞ்ச்மார்க்கிங்கை நான் ஆதரிக்க மாட்டேன்.

குடியிருப்போர் சங்கம் என்ன செய்யலாம்?

முதலில் நீங்களே அளக்கத் தொடங்குங்கள். தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், நிறம், வாடை. குழாயின் தொடக்கத்தில் ஒரு வீடு, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று கேட்டால் பொதுவாக ஒரு பதில் வரும். "இந்த மாதம் இந்த டிப்போவில் வால்வு திறந்த, மூடிய நேரப் பதிவேட்டின் நகல், புகார் வந்த தேதியும் முடிந்த தேதியும், பக்கத்து டிப்போவுக்கும் அதே விவரம், அரசுக்கு அனுப்பிய எண்ணின் நம்பகத்தன்மைத் தரம்" என்று ஆவணமாகக் கேளுங்கள். கையில் இரண்டு டிப்போ விவரம் இருந்தால் ஏரியா சபையில் (வார்டுக்குள் நடக்கிற மக்கள் கூட்டத்தில்) பேச்சே மாறும். சண்டைக்கு வந்தவர் என்று உங்களை ஒதுக்க முடியாது.

அலுவலகத்துக்குள் இருக்கிற நான் எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 28 குறியீட்டையும் தொட வேண்டாம். தெருவிளக்குப் புகாரோ, கழிவுநீர் அடைப்போ, பிறப்புச் சான்றிதழோ எதுவானாலும் சரி. எப்போது கடிகாரம் ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பதை இரண்டு மூன்று அலுவலகங்களோடு பேசி ஒரே மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டவர்கள் பிறகு மாதக்கணக்கில் யார் எண் சரி என்று சண்டை போடுவார்கள். மூன்று மாத எண் கையில் வந்ததும் நன்றாகச் செய்கிற இடத்துக்குப் போங்கள். அதிகாரியைப் பார்த்து டீ குடித்துவிட்டுத் திரும்பாமல், களப்பணியாளரோடு ஒரு நாள் முழுக்க வேலையில் நில்லுங்கள். உங்கள் பணியாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வந்து ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், மறுபடி மூன்று மாதம் அளங்கள். எண் நகராவிட்டால் அதையும் அந்த அலுவலகத்துக்கு எழுதிச் சொல்லுங்கள், அவர்களுக்கு ஏன் அது வேலை செய்கிறது என்று சேர்ந்து தேடலாம்.